வழவழப்பான தோலுக்கு இரவில் என்ன செய்ய வேண்டும்? நான்கு புட்டிகள் வாங்கியவருக்கு ஒரு பதில்

கேள்வி கேட்டவர் திருப்பூரில் பணிபுரியும் 34 வயதுப் பெண். அவருடைய முகம் தள்ளி நின்று பார்த்தால் சீராகத் தெரிகிறது. கை வைத்தால் மணல் தூவியதுபோல் சொரசொரக்கிறது. நெற்றியில் பொடிப்பொடியாய் மேடுகள், மூக்கோரத்தில் கரும்புள்ளிகள். இவற்றைச் சரிசெய்வதற்காக கிளைகாலிக் அமில டோனர், வைட்டமின் சி சீரம், ரெட்டினால் சீரம், நியாசினமைடு சீரம் என்று நான்கு புட்டிகள் வாங்கி, மூன்று வாரமாக இரவுதோறும் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடவியிருக்கிறார். இப்போது தண்ணீர் பட்டாலே முகம் எரிகிறது, வாயைச் சுற்றிக் கறுக்கவும் தொடங்கியிருக்கிறது. இவற்றை எந்த வரிசையில் தடவ வேண்டும், தம்முடைய 14 வயது மகளும் இவற்றைத் தடவலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

இன்றிரவே நான்கு புட்டிகளையும் அலமாரியில் எடுத்து வைத்துவிடுங்கள். வரிசையை மாற்றுவதால் இந்த எரிச்சல் தீராது. அந்தப் புட்டிகளில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பயன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தோல் மருத்துவத்தில் இருபது ஆண்டுகளாக இருக்கும் நான் அவற்றில் சிலவற்றை வாரந்தோறும் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் உங்கள் முகத்துக்கு முதலில் வேண்டியது அவற்றில் எதுவும் அன்று. சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், இரவில் என்ன செய்யலாம், அதைவிட முக்கியமாக என்ன செய்யக்கூடாது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

நம் விரல் தொட்டு உணர்வது தோலின் ஆக மேலே உள்ள அடுக்கை மட்டுமே. முகத்தில் இதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அதற்குள் பதினைந்து, இருபது வரிசைகளாக உயிரற்ற தட்டையான செல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. செங்கற்களைச் சாந்து பிணைப்பதுபோல் இந்தச் செல்களுக்கு நடுவே கொழுப்புப் பொருள்கள் நிரம்பியிருக்கின்றன. அந்தச் சாந்தில் ஏறத்தாழப் பாதி செராமைடு. மீதியில் பெரும்பங்கு கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். அடியிலிருந்து புதிய செல்கள் மேலே வந்தபடியும் மேலே இருப்பவை உதிர்ந்தபடியும் இருக்கின்றன. இளம் வயதில் இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு வாரம் பிடிக்கும், வயது ஏற ஏற அது நீளும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லோடு நுண்ணிய புரதத் தையல்களால் பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தையலைப் பிரிக்கும் நொதிகள் தோலிலேயே இருக்கின்றன. அந்த நொதிகள் வேலை செய்ய ஈரம் வேண்டும். ஈரம் குறைந்தால் தையல் சரியாகப் பிரியாது. கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக உதிர வேண்டிய செல்கள் கொத்துக் கொத்தாக, ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் தூக்கியும் நின்றுவிடும். மணல்போல உங்கள் விரலில் தட்டுப்படுவது பெரும்பாலும் இந்தத் தூக்கிய விளிம்புகளே. ஆகவே வழவழப்புக்கான முதல் மருந்து, தேய்ப்பதும் உரிப்பதும் அன்று, ஈரத்தைத் தக்கவைப்பது. தேய்த்தால் அன்றிரவு வழவழப்பாகத் தோன்றும். ஆனால் சாந்து சிதைந்து, உள்ளிருக்கும் ஈரம் இன்னும் வேகமாக வெளியேறி, மூன்றாம் நாள் மீண்டும் சொரசொரக்கும். உடனே இன்னும் அழுத்தித் தேய்க்கத் தோன்றும். இந்தச் சுழலில் சிக்கிய முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம்முடையது போன்ற மாநிறத் தோலுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. வெளிர்நிறத் தோலில் எரிச்சல் வந்தால் உடனே சிவக்கும். சிவந்ததைக் கண்டவர் நிறுத்திவிடுவார். நம் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமலேயே அழற்சி நடந்து, நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு, சில வாரங்கள் கழித்துக் கறுப்பாக வெளிப்படும். அப்படி வந்த கறுப்பு மறையப் பல மாதங்கள் ஆகும். இணையத்தில் கிடைக்கும் இரவுப் பராமரிப்பு முறைகளில் பலவும் வெளிர்நிறத் தோலை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. அவற்றில் ‘கொஞ்சம் உரியும், கொஞ்சம் எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருக்கும். அந்த வாக்கியத்தை நாம் ஏற்கக்கூடாது. உங்கள் வாயைச் சுற்றிக் கறுத்திருப்பது, பொறுத்துக்கொண்டதற்குக் கொடுத்த விலை.

இனிச் செய்ய வேண்டியது. அடுத்த ஆறு வாரத்துக்கு இரவில் இரண்டே வேலைகள்: முகம் கழுவுவது, ஈரக் காப்புக் க்ரீம் தடவுவது. வேறு எதுவும் வேண்டாம்.

கழுவுவதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5 (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). குளியல் சோப்பின் அளவு 9 முதல் 10 வரை இருக்கும். செல்களுக்கு இடையிலான சாந்தைத் தயாரிக்கும் நொதிகளுக்கு அந்த அமிலத்தன்மை தேவைப்படுவதால், சோப்புப் போட்டுக் கழுவிய ஒவ்வொரு முறையும் அந்த வேலை சில மணிநேரம் தடைப்படுகிறது. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் குளிக்கும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். நீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிறது. வாளியின் உட்புறத்தில் விரலால் வழித்தால் வெண்மையாக, பிசுபிசுப்பாக வருமே, அதே படிவு முகத்திலும் தங்குகிறது. சோப்பு இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ் ஒன்றை, நுரை குறைவாக வருவதை, வாசனை சேர்க்காததைத் தேர்ந்தெடுங்கள். இத்தகைய கழுவிகளில் கடினநீர் இப்படிப் படிவதில்லை. வெதுவெதுப்பைத் தாண்டாத தண்ணீர், விரல் நுனிகள், அரை நிமிடம் போதும். ஸ்பான்ஜ், பிரஷ், பீர்க்கங்காய் நார் எதுவும் முகத்துக்கு வேண்டாம். கழுவியபின் முகம் இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தால், அதைச் சுத்தத்தின் அறிகுறி என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கழுவி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்பதே அதன் பொருள்.

துண்டால் ஒற்றி எடுத்து, முகம் முழுதும் உலர்வதற்குள், இரண்டு மூன்று நிமிடங்களில் க்ரீமைத் தடவிவிட வேண்டும். க்ரீமில் மூன்று வகைப் பொருள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின் போன்றது ஒன்று. சாந்தின் குறையை நிரப்பும் செராமைடு, கொலஸ்ட்ரால் போன்றவை இரண்டாவது. ஈரம் ஆவியாகாமல் மேலே மூடும் பெட்ரோலேட்டம், டைமெத்திகோன் போன்றவை மூன்றாவது. இவற்றில் கிளிசரின் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விலை குறைவான பொருள் என்பதால் விளம்பரங்களில் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், ஆனால் இத்தனை ஆண்டுகளில் அதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்க்கவில்லை. ராபர்ட் செஸ்ப்ரோ 1872இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வாசலின் இன்றும் மூடும் பொருள்களில் முதலிடத்தில் இருக்கிறது. உதட்டோரம், மூக்கின் பக்கவாட்டு மடிப்பு போன்ற, சீக்கிரம் எரியும் இடங்களில் க்ரீமுக்கு மேல் அதை அரிசி மணியளவு தொட்டுத் தடவுங்கள். நெற்றிக்கு மட்டும் வேண்டாம். அங்குள்ள மேடுகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதை இரவில் செய்யும்படி ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பகலைவிட இரவில் தோலின் வழியாக வெளியேறும் நீரின் அளவு கூடுகிறது என்பது அளந்து பார்த்து அறிந்த உண்மை. அதோடு ஏசி ஓடும் அறையில் காற்று வறண்டுவிடுகிறது. தமிழ்நாட்டின் புழுக்கத்தில் யாருக்கும் தோல் வறளாது என்று நினைப்பவர்கள், பகல் முழுவதும் அலுவலக ஏசியிலும் இரவு முழுவதும் படுக்கையறை ஏசியிலும் எத்தனை மணிநேரம் கழிகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உங்கள் நெற்றிக்கு வருகிறேன். ‘பொடிப்பொடியாய்’ என்று எழுதியிருக்கிறீர்கள்; அரிக்கிறதா என்று எழுதவில்லை. தூங்கும் முன் தலையில் எண்ணெய் தடவிப் பின்னிக்கொள்ளும் வழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? காலையில் உங்கள் தலையணை உறையைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு வட்டம் தெரிந்தால், அந்த வட்டத்தின்மேல்தான் எட்டு மணிநேரம் உங்கள் நெற்றியும் கன்னமும் புரண்டிருக்கின்றன. முடிக்கு நல்லதான எண்ணெய் நெற்றியின் துளைகளை அடைத்து, ஒரே அளவில் சிறுசிறு மேடுகளை உண்டாக்கும். அதே மேடுகள் அரித்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. மலாசீசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தோலிலும் வாழ்கிறது. எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்களே அதற்கு உணவு. வியர்வையும் எண்ணெயும் சேரும் இடத்தில் அது பெருகி, மயிர்க்கால்களில் பருபோன்ற கொப்புளங்களை உண்டாக்கும். பார்ப்பதற்குப் பருவாகத் தோன்றும் இதற்குப் பருவுக்கான மருந்துகள் சரிவர வேலை செய்யாது. பூஞ்சைக்கான மருந்து தேவைப்படும். அதனால் முதலில் எண்ணெயை இரவிலிருந்து மாற்றுங்கள். வாரம் இருமுறை, தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணிநேரம் முன்பு தடவி, அலசிவிடுங்கள். தலையணை உறையை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். என்னிடம் நெற்றிப் பொடிகளோடு வந்தவர்களில் பலருக்கு வேறு மருந்தே தேவைப்பட்டதில்லை. இரண்டு மாதம் பொறுத்தும் குறையவில்லை என்றாலோ, அரிப்பு இருந்தாலோ, தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

ஆறு வாரம் கழிந்தது என்று வைத்துக்கொள்வோம். முகம் கழுவினால் எரியவில்லை, க்ரீம் தடவினால் சுருக்கென்று தைக்கவில்லை. அப்போது ஒரே ஒரு மருந்துப் பொருளைச் சேர்க்கலாம். நான் தேர்ந்தெடுப்பது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ரெட்டினால் அந்த வகைதான். தோலின் மேற்பரப்பு, துளைகள், சுருக்கம் மூன்றையும் ஒருசேரச் சீராக்குவதில் இதற்கு உள்ள அளவு நீண்ட ஆராய்ச்சி வரலாறு வேறு எந்தத் தடவும் பொருளுக்கும் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் 1969இல் இந்தக் குடும்பத்தின் வீரியமிக்க மருந்தான ட்ரெட்டினாயினைப் பருவுக்கான மருந்தாக வெளியிட்டார். 1971இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. பருவுக்காகத் தடவிய நடுவயதுப் பெண்கள் முகம் வழவழப்பானதாகச் சொன்னதைத் தொடர்ந்து ஆராய்ந்து, வெயிலால் முதிர்ந்த தோலுக்கும் இது பயன்படுகிறது என்று 1986இல் அவரும் குழுவினரும் எழுதினார்கள். இந்த மருந்தின் வரலாற்றோடு வேதனையான ஒன்றும் சேர்ந்திருக்கிறது: கிளிக்மன் தம்முடைய சோதனைகள் பலவற்றை ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் இருந்த கைதிகளின் தோலில் செய்தார், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அதற்காகப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது. இந்த மருந்தை எழுதிக் கொடுக்கும் நாங்கள் இதை மறக்கக்கூடாது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

கடையில் கிடைக்கும் ரெட்டினால், தோலுக்குள் சென்று முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பிறகு ரெட்டினாயிக் அமிலமாகவும் மாறிய பிறகே வேலை செய்யும். ட்ரெட்டினாயின் என்பது அந்த ரெட்டினாயிக் அமிலமேதான். ஆகவே ட்ரெட்டினாயினுக்கு வீரியம் அதிகம், எரிச்சலும் அதிகம். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைத் தொடக்கூடாது. நீங்கள் 0.2 அல்லது 0.3 சதவீத ரெட்டினாலில் தொடங்கினால் போதும். உங்களிடம் இருக்கும் புட்டியில் 1 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் அதை மறுபடி திறக்காமல் வையுங்கள். இந்தக் குடும்பத்தின் பொருள்கள் பலவும் வெளிச்சத்தில் சிதையும்; இரவில் தடவச் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

எப்படித் தடவுவது என்பதை நேரில் ஒருமுறை செய்து காட்டினால் நன்றாக இருக்கும், எழுத்தில் முயல்கிறேன். முகம் கழுவி, ஒற்றி எடுத்து, இருபது நிமிடம் காத்திருங்கள். ஈரமான தோலில் ரெட்டினாய்டு ஆழமாக இறங்கி எரிச்சலைக் கூட்டும். அந்த நேரத்தில் மறுநாளைக்கு வேண்டியதை எடுத்து வைக்கலாம். பிறகு க்ரீமை மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசுங்கள். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பச்சைப் பட்டாணி அளவு ரெட்டினாலை எடுத்து, நெற்றியில் ஒன்று, கன்னங்களில் இரண்டு, மூக்கின்மேல் ஒன்று, தாடையில் ஒன்று என்று ஐந்து பொட்டுகளாக வைத்து, அங்கிருந்து வெளிப்பக்கமாக நீவிவிடுங்கள். கண்ணைச் சுற்றிய எலும்பு வளையத்துக்குள் போகக்கூடாது. மூக்கோர மடிப்பிலும் உதட்டு மூலையிலும் முன்கூட்டியே சிறிது வாசலின் தொட்டு வைத்துவிட்டால், அங்கே வழிந்து தேங்காது. அதன்மேல் மறுபடி ஒரு பூச்சு க்ரீம். பட்டாணி அளவு மிகக் குறைவாகத் தோன்றும், விரல் தானாகவே இன்னொரு முறை புட்டிக்குப் போகும். கூடுதலாகத் தடவினால் பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும்.

முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு இரவுகள், ஞாயிறும் புதனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று இரவுகள். இரண்டு மாதம் தொல்லையில்லாமல் கழிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் தடவியே ஆக வேண்டும் என்பதில்லை. வாரம் மூன்று இரவோடு நிறுத்தியே நல்ல பலன் கண்டவர்கள் உண்டு. எரிந்தால் நான்கு இரவு நிறுத்தி, வெறும் க்ரீமுக்குத் திரும்புங்கள். அப்படித் திரும்புவது தோல்வியன்று, அதுவும் இந்த முறையின் ஒரு பகுதிதான். தொட்டால் தெரியும் மாற்றத்துக்கு 12 வாரம் வரை பொறுக்க வேண்டும். புருவத்துக்கும் மேலுதட்டுக்கும் த்ரெடிங் அல்லது வாக்ஸிங் செய்பவராக இருந்தால், அதற்கு ஒரு வாரம் முன்பே ரெட்டினாலை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் முடியோடு தோலும் உரிந்து வரும். மாநிறத் தோலில் அது மாதக்கணக்கில் பட்டையாகக் கறுத்து நிற்கும். கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்க முயல்பவர்களும் இந்தக் குடும்பத்தின் எந்தப் பொருளையும் தடவக்கூடாது.

கிளைகாலிக் அமிலம் பற்றி. பழங்களிலும் பாலிலும் காணப்படும் இவ்வகை அமிலங்களைத் தோல் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்கள் யூஜின் வான் ஸ்காட், ரூயி யூ என்ற இருவர். மீன்செதில்போலத் தோல் உரியும் பரம்பரை நோய்க்கு இவை உதவுவதை 1974இல் வெளியிட்டார்கள். செல்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துவதே இவற்றின் வேலை. அதனால் வழவழப்பு உடனே தெரியும், அதனாலேயே அளவு மீறத் தோன்றும். உங்களுக்கு இப்போது இது வேண்டாம். ரெட்டினால் பழகி நான்கு மாதம் ஆன பிறகும் கன்னம் சொரசொரத்தால், ரெட்டினால் தடவாத ஓர் இரவில், வாரம் ஒருமுறை, கிளைகாலிக்கைவிட மென்மையான லாக்டிக் அமிலத்தை 5 சதவீதத்தில் முயலுங்கள். மூக்கோரத்தின் கரும்புள்ளிகளுக்குப் பொருத்தமானது சாலிசிலிக் அமிலம். அது எண்ணெயில் கரைவதால் துளைக்குள் இறங்கும். 2 சதவீதத்தை மூக்கில் மட்டும், வாரம் இருமுறை. கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கன்று. துளைக்குள் இருக்கும் நிறமியும் கொழுப்பும் காற்றுப்பட்டுக் கறுத்தவை. ஆகவே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எந்த அமிலத்தையும் ரெட்டினாலையும் ஒரே இரவில் சேர்க்க வேண்டாம்.

நியாசினமைடு சீரம் வீணாகாது. 5 சதவீத அளவில் அது தோல் செராமைடு தயாரிப்பதை ஊக்குவிக்கும், கறுப்பு மங்கவும் துணைசெய்யும். எரிச்சல் அடங்கிய பிறகு க்ரீமுக்கு முன்னால் தடவிக்கொள்ளலாம். வைட்டமின் சி காலைக்கு உரியது. சன்ஸ்க்ரீனுக்கு அடியில் அது தரும் பாதுகாப்பு இரவில் பயன்படாது.

வீட்டுப் பொருள்களைக் கேட்காதவர் இல்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் ஏறத்தாழ 2; தோலின் அளவோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு அமிலம். அதில் உள்ள சில பொருள்கள் மறுநாள் வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்புக் கோடுகளும் உண்டாக்கும். முகத்தில் ஒரு துளிகூட வேண்டாம். சமையல் சோடாவும் அப்படியே கூடாது; அது எதிர்த் திசையில், காரத்தன்மை கொண்டது. பயத்தம்மாவு நைசாக அரைத்துச் சலித்ததாக இருந்தால் கை, கால், முதுகுக்கு நல்ல கழுவி. ரெட்டினால் தடவும் முகத்தில் தேய்க்கக்கூடாது. தேங்காய் எண்ணெயை நான் மிகவும் மதிக்கிறேன். வறண்ட கை கால்களுக்கு அது நல்ல ஈரக்காப்பு என்பதற்கு ஆய்வுச் சான்றே உண்டு. ஆனால் பருவும் கரும்புள்ளியும் வரும் முகத்துக்கு அது ஏற்றதன்று.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வாரத்தில் முகத்தை வழவழப்பாகவும் வெளுப்பாகவும் ஆக்கும் ‘நைட் க்ரீம்’ என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். மூடியில் கையால் ஒட்டிய பூப்படம்; தயாரித்தவர் பெயரோ, உரிம எண்ணோ, உட்பொருள் பட்டியலோ இல்லை. அதை எட்டு மாதம் தடவியிருந்தார். முதல் மாதம் எல்லோரும் பாராட்டியதாகச் சொன்னார். என்முன் உட்கார்ந்திருந்தபோது அவருடைய கன்னத்தில் நூல்போல் இரத்தக் குழாய்கள் தெரிந்தன, தாடையில் பூனைமுடி அடர்ந்திருந்தது, ஒருநாள் தடவாவிட்டால் நெருப்பாக எரிந்தது. இவை ஸ்டீராய்டின் அடையாளங்கள். அந்த முகம் பழைய நிலைக்கு வர ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. இப்படி முகம் கெடுவதைத் தடுப்பதற்காகத் தோல் மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் தனிக் குழுவே அமைத்திருக்கிறது. ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இன்றி விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018இல் ஆணையும் இட்டது. ஆயினும் நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீமைச் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் தடவுகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். பெயரற்ற வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் இருப்பதும் உண்டு. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அத்தகைய க்ரீம்களைத் தடவியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தி 2023இல் வெளிவந்தது. பட்டியல் அச்சிடாத டப்பா எதுவாக இருந்தாலும் குப்பைக்குப் போகட்டும்.

இரவுப் பராமரிப்பின் பலன் காலையில்தான் காப்பாற்றப்படுகிறது. ரெட்டினாலும் அமிலங்களும் பயன்படுத்துகிறவர் சன்ஸ்க்ரீன் இல்லாமல் வெளியே போவதைவிட, அவற்றைத் தடவாமலே இருப்பது நல்லது. வெயிலைத் தடுக்கும் திறனைக் காட்டும் எஸ்பிஎஃப் எண் 30க்குக் குறையாததை, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் தடவுங்கள். வாயைச் சுற்றிய கறுப்பு மங்க வேண்டும் என்றால், இரும்பு ஆக்சைடு சேர்த்த, நிறமுள்ள வகையை வாங்குங்கள். கறுப்பைத் தூண்டுவதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்குண்டு, நிறமற்ற சன்ஸ்க்ரீன்கள் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், முகத்தைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் அடுத்துக் கேட்பது மேல்கையையும் கழுத்தையும் பற்றித்தான். மேல்கையின் வெளிப்புறத்தில் கோழித்தோல்போல் முட்கள் இருந்தால், 10 சதவீத யூரியா க்ரீமை இரவில் தடவிவந்தால் மிருதுவாகும், நிறுத்தினால் திரும்ப வரும். பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட்போல் தடித்துக் கறுத்திருந்தால் தேய்க்க வேண்டாம், க்ரீமும் தேட வேண்டாம். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். முதலில் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எடை குறையும்போது அந்தக் கழுத்தும் தெளிவதைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் மகளுக்கு இந்த நான்கில் எதுவும் வேண்டாம். 14 வயதில் தோல் தன் சுற்றைத் தானே சரியாக நடத்திக்கொள்ளும். அதற்கு ரெட்டினாலும் கிளைகாலிக்கும் கொடுத்து அவசரப்படுத்தத் தேவையில்லை. மென்மையான ஃபேஸ்வாஷ், லேசான க்ரீம், பள்ளிக்குப் போகும்போது சன்ஸ்க்ரீன், அவ்வளவே. பரு வந்திருந்தால் அது வேறு. அதற்கு மருத்துவம் உண்டு, தழும்பு விழும் வரை காத்திருக்கவும் கூடாது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடாபலீன் போன்ற மருந்துகளை மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுப்பார். உங்கள் புட்டிகள் இருக்கும் அலமாரி அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால், ரெட்டினாலை மட்டுமாவது உங்கள் துணி பீரோவுக்கு மாற்றிவிடுங்கள். இருட்டாகவும் சூடில்லாமலும் இருப்பதால் அந்த மருந்துக்கும் அதுவே நல்ல இடம்.